உன் அப்பா வாங்கிய சிம் இல்லாத அடுப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம், அவருடைய இடது புருவம் மட்டும் இன்னும் பாதிதான் முளைத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, கீழே சொல்கிறேன். நீங்கள் வீட்டு வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவதாகவும், வெளியே வைத்துச் சமைக்க எந்த அடுப்பு வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். யாரிடம் வேண்டுமானாலும் கேள், உன் அப்பாவிடம் மட்டும் கேட்காதே. அவரிடம் கேட்டால் பதில் வராது, பார்சல் வரும். அதனால்தான் போனில் பேசாமல், அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

படுக்கை, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் வைத்த பழைய வேன் ஒன்றை அவர் வாங்கினது உனக்குத் தெரியும். வாங்கின கையோடு ஏரிக்கரைக்குப் போய் நாலைந்து நாள் தங்கலாம் என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "நான் வர்றேங்க, ஆனா கரண்டியைத் தொட மாட்டேன்" என்றேன். நீயே யோசித்துப் பார், நாம் எங்கே போனாலும் எனக்கு முன்னால் அடுப்பு போய் உட்கார்ந்திருக்கும். கடற்கரைக்குப் போன அன்றுகூட, எல்லோரும் அலையைப் பார்க்க, நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, கண்ணில் மணல் விழுந்துவிட்டதா என்று கேட்டவர்தான் உன் அப்பா. ஒரே ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து யாராவது போட்டுச் சாப்பிட வேண்டும். இந்தத் தடவை இறங்கிப்போய்க் கிளறிவிட்டேன் என்றால் இந்த ஜென்மத்தில் எனக்கு லீவு கிடையாது. அவர் உடனே ஒப்புக்கொண்டார். "அடுப்பு சரியா அமைஞ்சா சமையல் தானா வரும்" என்றார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, மெஷின் சரியாக இருந்தால் உள்ளே எந்த முட்டாள் நின்றாலும் மேலே போய்ச் சேர்ந்துவிடுவான் என்பது அவர் கணக்கு.

அன்றிலிருந்து வீடு கூடாரச் சாமான் விற்கிற கடையின் கிளை ஆகிவிட்டது. முதலில் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி அடுப்பு வந்தது, மடக்கினால் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், விரித்தால் மூன்று குச்சிக் கால்களில் கொக்கு மாதிரி நிற்கும். அதன் தலையில் நம் பாத்திரத்தை வைத்ததும் கொக்கு மண்டி போட்டது, தண்ணீர் என் செருப்பில். அடுத்தது கரண்டில் ஓடுகிற இண்டக்‌ஷன். நெருப்பில்லை புகையில்லை என்று பெருமையாக வேன் பேட்டரியில் மாட்டினார், தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் பேட்டரி படுத்துவிட்டது. வேனைத் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். நானும் தள்ளினேன், கரண்டியைத் தொட மாட்டேன் என்றுதானே சொல்லியிருந்தேன், வேனைப் பற்றிப் பேச்சில்லையே.

பிறகு உன் சித்தப்பா வந்தார். கரியில் வாட்டினால்தான் ருசி, மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றார். கார் நிறுத்துகிற இடத்தில் கரி அடுப்பை வைத்தார்கள். கரி பிடிக்கவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். சித்தப்பா நன்றாகத் தள்ளி நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துண்ணே" என்று யோசனை சொன்னார், அண்ணனும் ஊற்றினார், குப்பென்று தீ முகத்துக்கு எழும்பியது. புருவம் போன கதை இதுதான். யோசனை சொன்னவருடைய புருவம் இரண்டும் பத்திரமாக இருக்கிறது, அது எப்போதும் அப்படித்தான். கீழ்வீட்டு அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, நானும் உன் அப்பாவும் சண்டை போட்டுக்கொண்டு நான்தான் எதையோ கொளுத்திவிட்டேன் என்று சாயங்காலத்துக்குள் எல்லா மாடிக்கும் செய்தி போய்விட்டது. நான் மறுக்கவில்லை, ஒரு வாரம் எல்லோரும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

கடைசியில் வந்தது பெட்டி மாதிரி மூடுகிற கேஸ் அடுப்பு. உன் அப்பா அதன் அடியில் ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்தார், டேபிள் ஃபேனை எதிரில் ஓடவிட்டுக் காற்றுக்கு அணைகிறதா என்று பார்த்தார், அணையவில்லை. பாத்திரத்தை வைத்து நான் தலை சீவி முடிப்பதற்குள் தளதளவென்று கொதித்தது. "இதுதாம்மா அடுப்பு" என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கண்ணு, அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாள் இத்தனை அடுப்பிலும் அவர் வைத்தது வெறும் தண்ணீர்தான். ஒரு பிடி அரிசி, ஒரு முட்டை, எதுவும் எதிலும் விழவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் பின்னாலேயே கையும் போய்விடும், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா, அதனால் பேசாமல் துணி மடித்தேன்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் மடக்கு நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். அவர் அடுப்பைச் சமன் செய்து, காற்றுத் தடுப்பு வைத்து, சோறு வைத்தார். அடியில் கரி, நடுவில் கஞ்சி, மேலே அரிசி. சரி, முட்டை பொரிக்கலாம் என்றார், அது செருப்புத் தோலாக வந்தது. அந்த அடுப்புக்கு இரண்டே நிலைதான், ஒன்று அணைந்திருக்கும், இல்லாவிட்டால் ராக்கெட் கிளம்புகிற மாதிரி இரையும். அவர் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல சிம் எங்க இருக்கு?" என்று கேட்டார். சிம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். பக்கத்து வேனில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் சின்னத் தீயில் எதையோ நிதானமாகக் கிளறிக்கொண்டிருக்க, அவர் மனைவி காலை நீட்டிப் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அம்மாளைப் பார்த்த பார்வைக்கு அவளுக்கு அன்று சாப்பாடு செரித்திருக்காது.

இரண்டாவது பாத்திரமும் கருகியது. எனக்கோ பசி, கை தானாக எழுந்திருக்கிறது, ஒரு கையின் மேல் இன்னொரு கையைப் போட்டு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா அதிகாரமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகமெல்லாம் கரியோடு, மெதுவாக, "நீ கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். பாதி எழுந்துவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன். அப்புறம் உட்கார்ந்து, "பசிக்குதுங்க. ஆனா நான் லீவுல இருக்கேன்" என்றேன்.

அவர் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பது போல அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தப் பயலுக்குக் கொதிக்க வைக்க மட்டுந்தான் தெரியும். சரி, கொதிக்கிறதையே சாப்பிடுவோம்" என்றார். முட்டையும் உருளைக்கிழங்கும் தண்ணீரில் போட்டார். அந்தப் பயணம் முழுக்க வெந்ததுதான் சாப்பாடு, உப்பும் மிளகுத்தூளும் தொட்டுக்கொண்டு. முதல் முட்டையை ஊதி ஊதி உரித்து என் கையில் கொடுத்தார், வெள்ளைக்கரு பாதி ஓட்டோடு போயிருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்ற வரியை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

ஆகவே கண்ணு, கடைக்குப் போனால் எவ்வளவு வேகமாகக் கொதிக்கிறது என்று பார்க்காதே, தீயை எவ்வளவு சின்னதாக வைக்க முடிகிறது என்று பற்றவைத்துக் காட்டச் சொல். உங்கள் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டு போய் மேலே வைத்து ஆட்டிப் பார். மழை பெய்தாலும் குளிர் அடித்தாலும் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைக்காதே, அது உயிருக்கு உலை. எல்லாவற்றுக்கும் முதலில், யார் சமைக்கப் போகிறார் என்று பேசி முடித்துவிட்டு அந்த ஆளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. மாப்பிள்ளை என்றால் நல்லது, அவருக்கு என் ஆசி இரண்டு பங்கு.

நாங்கள் வீடு திரும்பின மறுநாள் காலை பழக்கதோஷத்தில் எழுந்து சமையலறைக்குப் போனேன். உன் அப்பா எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டு, நம் வீட்டு அடுப்பின் திருகைச் சின்னதாக்கிப் பெரிதாக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இந்தச் சிம் இத்தனை வருஷமா இங்கயேவா இருந்துச்சு?" என்றார். நான் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிப் போட்டுக்கொண்டேன்.

இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழுங்கள். தீப்பெட்டியை மறக்காதே, படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, அப்பா அடுத்த மாதம் அங்கே வருகிறார்.

அன்புடன்,
காலை நீட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா