வாசலில் நிற்காத புரோக்கர்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

எங்கள் பட்டுக்கடையின் இணையதளம் தேடலில் மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது. மற்ற தளங்கள் லிங்க் கொடுத்தால் மேலே ஏறுமாம். அண்ணன் இன்று ஓர் ஆளைக் கடைக்கே அழைத்து வந்துவிட்டான். அவர் நிறைய லிங்க் வாங்கித் தருவாராம். பதிலுக்கு அவர் சொல்லும் தளங்களுக்கு நாங்களும் லிங்க் போட வேண்டுமாம். திறந்து பார்த்தேன். எல்லாம் ரம்மியும் முடி வளரும் எண்ணெயும்.

"எங்கேர்ந்து வந்தா இன்னாமா, மேல வந்தா போதாதா?" என்றான் அண்ணன்.

கோயில் வாசலில் பக்தர்களை மடக்கிக் கூட்டி வரும் புரோக்கருக்கு எங்கள் கடையில் கமிஷன் கிடையாது. அந்தப் புரோக்கர்களைப் படியேற விடாமல் திருப்பி அனுப்புகிறவனே அண்ணன்தான்.

"அந்த புரோக்கரத் தொரத்துற. இவர மட்டும் சேர் போட்டு உக்கார வச்சிக்கினு இருக்கிற. இன்னாண்ணா நியாயம்?" என்று அந்த ஆளை வைத்துக்கொண்டே கேட்டேன். வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

போன வருடம் முகூர்த்தப் புடவை எடுத்த பெண் தன் வலைப்பூவில் எங்களைப் பற்றி எழுதி லிங்க் கொடுத்திருக்கிறாள். நாங்கள் கேட்கவே இல்லை. அதைப் பார்த்து இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.

அண்ணன் நாளைக்கே மறுபடி அந்த ஆளைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவான். கடைச் சாவி அவனிடமே இருக்கட்டும். தளத்தின் பாஸ்வேர்டை இப்போதுதான் மாற்றினேன்.