தன்ஷிகாவின் தறிக்குழியைத் திறக்கக் கோரி

அனுப்புநர்
கு. தேவகி (வயது 31),
க/பெ. குப்புராஜ், பட்டு நெசவாளர்,
கொசப்பாளையம், ஆரணி,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: ஆட்டிசம் உள்ள என் மகள் வீட்டில் பயிற்சி பெற்றுவந்த தறிக்குழியைப் பலகை அடித்து மூடச் சொன்ன உத்தரவை ரத்து செய்யவும், ஒரு வீடியோவைக் கடைசிவரை பார்க்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: விசாரணை அலுவலர் எனக்கு அனுப்பிய கடிதம், நாள் 17.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று தங்கள் கையில் கொடுக்கவேண்டிய மனு இது. என் மகளைப் பேருந்தில் அழைத்துவந்தால் போளூர் தாண்டுவதற்குள் ஹாரன் சத்தம் தாங்காமல் ஜன்னல் கம்பியில் தலையை மோதிக்கொள்வாள். அவளை விட்டுவிட்டு வர எனக்கு ஆள் இல்லை. ஆகவே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், பொறுத்தருளவும்.

1. என் மகள் தன்ஷிகாவுக்கு வயது நான்கு. இரண்டரை வயதில் வேலூரில் மருத்துவர்கள் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாள், அல்லது அலறுவாள்.

2. எங்களுக்கு வந்த சிறப்புப் பயிற்றுநர் திருமதி ரீனா அவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரமுடியும். மற்ற பதினான்கு நாளும் நான்தான் டீச்சர் என்று சொல்லி, ஒரு நோட்டில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். நான் பத்தாவது வரை படித்தவள். பயந்தேன். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் செய்தேன். வாரம் ஒரு வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பவேண்டும் என்பது அவரை அனுப்பிய பயிற்சி மையத்தின் விதி.

3. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் தன்ஷிகா காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடுவாள். எங்கள் வீட்டில் இரண்டு தறிக்குழிகள். தறிக்குழி என்பது கைத்தறி நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதிப்பதற்காகத் தரையில் வெட்டியிருக்கும் பள்ளம்; இரண்டரை அடி ஆழம் இருக்கும். ஒன்றில் என் கணவர் நெய்கிறார். என் கொழுந்தனார் தன் தறியைப் பிரித்துச் சொந்த வீட்டுக்குக் கொண்டுபோனதால் மற்றது காலியாக இருந்தது. ஒருநாள் தன்ஷிகா தானாகவே அதில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். காதிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கையைப் பார்த்து நான் அழுதேன்.

4. ரீனா அவர்கள் அதைப் பார்த்து, இதைத் தடுக்காதீர்கள், பாடத்தையே இங்கே வைத்துக்கொள்வோம் என்றார். என் கணவர் பக்கங்களைச் சிமெண்டால் மெழுகி, பாய் விரித்து, செங்கல்லால் ஒரு படியும் கட்டினார். அவளே இறங்குவாள், அவளே ஏறுவாள். பட்டுக் கழிவு நூலை நிறம்வாரியாகப் பிரிப்பதும், நான் காட்டினால் திரும்பிப் பார்ப்பதும் அங்கேதான் கற்றாள்.

5. கடந்த 09.06.2025 அன்று செய்த பயிற்சியின் பெயர் ‘காத்திருத்தல்’. குழந்தை எதையாவது கேட்கும்வரை பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும், அழுதாலும் நிற்கவேண்டும், கேட்டுவிட்டால் அந்த நொடியே கொடுக்கவேண்டும். அன்று அவளுக்குப் படி ஏற மனமில்லை, நான் தூக்கவேண்டும் என்று அழுதாள். செல்போனை மாவு டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு நின்றேன். பெற்ற குழந்தை கீழே நின்று அழ, மேலே நிற்பது என்ன பாடு என்பதை எந்த நோட்டிலும் எழுதவில்லை, ஐயா. நான்கு நிமிடம் நின்றேன். அப்போது அவள் இரண்டு கையையும் மேலே நீட்டி, என் முகத்தைப் பார்த்து, “தூக்கு” என்றாள். நான்கு வருடத்தில் அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

6. அடுத்து நடந்தது முழுக்க என் தவறு. சந்தோஷத்தில் சரியாகப் பார்க்காமல், ரீனா அவர்களுக்கு அனுப்புவதாக நினைத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். அது முதல் ஒரு நிமிடத்தோடு வெட்டிக்கொண்டது. அழுகை இருந்தது, சொல் இல்லை. செங்கல் படி என் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அரைமணியில் அழித்தேன். அதற்குள் எவரோ எடுத்து, “பெற்ற பிள்ளையைக் குழியில் தள்ளி வேடிக்கை பார்க்கும் கல்நெஞ்சக்காரி, அதிகம் பகிரவும்” என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். வந்தவாசியிலிருந்து என் அக்காவே போன் செய்து, “இன்னாடி தேவகி, பச்சப் புள்ளைய குழில வுட்டுட்டு நின்னு பாத்துகினு கீற?” என்று கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

7. 13.06.2025 அன்று அந்த வீடியோ பற்றி விசாரிக்க, குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து விசாரணை அலுவலரும் இன்னொருவரும் வந்தார்கள். பத்து நிமிடம் இருந்தார்கள். தன்ஷிகாவிடம் “உன் பேர் என்னம்மா?” என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. “குழந்தை அச்சத்தால் பேச மறுக்கிறது” என்று எழுதிக்கொண்டார்கள். ஒரே ஒரு சொல் மட்டும் வந்த குழந்தை எப்படி ஐயா பேச மறுக்கும்? முழு வீடியோவைக் காட்டினேன். நெட்டில் வந்ததைப் பார்த்துவிட்டோம் என்றார்கள். ரீனா அவர்களின் நோட்டைக் காட்டினேன். அதில் ‘அமைதி மூலை’ என்று எழுதியிருக்கிறது. மூலை என்றுதான் இருக்கிறது, குழி என்று இல்லை என்றார்கள். என் கணவர் பொறுக்கமாட்டாமல், “சும்மா பேஜார் பண்ணாதீங்க சார்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அரசு ஊழியரை மிரட்டினார் என்று அதுவும் அறிக்கையில் ஏறிவிட்டது.

8. பார்வையில் கண்ட கடிதத்தின்படி, குழியைப் பலகை வைத்து ஆணியடித்து மூடவேண்டும், குழந்தையை மறுபடி எந்தக் குழியில் கண்டாலும் காப்பகத்தில் ஒப்படைக்கப்படும், வீடியோ எடுக்கக்கூடாது. அதே கடிதத்தின் கடைசி வரியில், வீட்டுப் பயிற்சியைத் தொடர்ந்து அளித்து மாதாமாதம் முன்னேற்றத்தைத் தெரிவிக்கவும் என்று இருக்கிறது. வீடியோ வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்கிறது பயிற்சி மையம். எடுத்தால் இவர்கள், எடுக்காவிட்டால் அவர்கள். ரீனா அவர்களுக்கும் வேறு ஊருக்கு மாறுதல் ஆகிவிட்டது. இருதலைக்கொள்ளி எறும்பாவது ஒற்றை எறும்பு, ஐயா. நான் இடுப்பில் ஒரு குழந்தையோடு நிற்கிறேன்.

9. 20.06.2025 அன்று பலகை அடித்தோம். என் கணவர்தான் ஆணி அடித்தார். அன்றிலிருந்து தன்ஷிகா அவர் நெய்துகொண்டிருக்கும் குழிக்குள் நுழையப் பார்க்கிறாள். அங்கே மிதிப்பலகையும் கயிறும் ஓடுகின்றன, கால் மாட்டினால் போச்சு. எவராவது எட்டிப் பார்த்துப் படம் எடுத்தால் காப்பகம். ஆகவே காலை ஏழு மணியிலிருந்து தறி நிற்கும்வரை, வாசல் கதவைத் தாழிட்டு அவளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். நூல் பிரிப்பதை விட்டுவிட்டாள். என் முகத்தைப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் மட்டும், “நீ போய் குளிச்சிட்டு வாம்மா, நான் புடிச்சிகினு இருக்கறேன்” என்று தினமும் கால்மணி நேரம் வருகிறார். அவர் சாட்சிக் கையெழுத்தும் கீழே உள்ளது.

10. ஒன்றே ஒன்றை அவள் மறக்கவில்லை. அந்தப் பலகையின்மேல் நின்று, இரண்டு கையையும் நீட்டி, “தூக்கு” என்கிறாள். கேட்டவுடன் கொடுக்கவேண்டும் என்பது பாடம் அல்லவா, ஓடிப்போய்த் தூக்குகிறேன். கையிலிருந்து நழுவி இறங்கிவிடுகிறாள். பலகையைத் தட்டிக் காட்டி மறுபடி “தூக்கு” என்கிறாள். அவள் தூக்கச் சொல்வது பலகையை என்று எனக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று.

ஆகவே ஐயா அவர்கள், விவரம் தெரிந்த ஒரு பயிற்றுநருடன் தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ எங்கள் வீட்டுக்கு வந்து, விசைத்தறி ஓடும் நேரத்தில் அந்தக் குழியையும் படியையும் என் மகளையும் பார்க்குமாறு வேண்டுகிறேன். இந்த இடம் கூடாது என்று அவர் சொன்னால் வேறு இடம் காட்டட்டும், கைகூப்பி ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை காப்பகம் என்ற சொல்லை நிறுத்திவைக்க உத்தரவிடவேண்டும்.

கேட்டால் கொடுப்பார்கள் என்று நம்ப வைத்துத்தான் அவளைப் பேசவைத்தேன். அவள் தினமும் கேட்கிறாள். என்னால் தூக்க முடியாது, தங்களால் முடியும்.

இடம்: ஆரணி
நாள்: 11.07.2025

தங்கள் பதிலுக்காகக் கதவருகில் இருக்கும்,
(ஒப்பம்) கு. தேவகி

சாட்சி: (ஒப்பம்) ரங்கம்மாள், பக்கத்து வீடு

இணைப்பு:
1. மருத்துவச் சான்று நகல்.
2. விசாரணை அலுவலரின் கடித நகல்.
3. ரீனா அவர்களின் நோட்டு நகல், 22 பக்கங்கள்.
4. பென்டிரைவ் ஒன்று. வீடியோ நான்கு நிமிடம் பத்து நொடி. தயவுசெய்து நடுவில் நிறுத்தவேண்டாம். அவள் பேசுவது மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டாவது நொடியில்.