இடைவிடாமல் இருந்தவன்

மச்சான்,

போன கிழமை மகளுக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்களுக்கு முன்னால் வெற்றிலை போட்டேன். கடைச் சுண்ணாம்பை அளவு தெரியாமல் அள்ளிப் பூசியதில் நாக்கு வெந்து, கண்ணால் நீர் கொட்டியது. சம்பந்தியார் என் தோளைத் தட்டி, “இருக்கிற வீட்டை மகளுக்குச் சீதனமாக் குடுக்கிறதெண்டா கவலைதான். அழாதிங்க” என்றார். நானும் துக்கப்பட்டவன்போலத் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய, பேச நாக்கு இல்லையே.

உன் சூளைச் சுண்ணாம்பு என்றால் இந்த மானக்கேடு வந்திராது.

அக்கரைச் சீமை இந்தியாவிலிருந்து வந்து, எங்கள் வாவியின் மட்டிச் சிப்பிகளைச் சுட்டு நீறாக்கி விற்றவன் நீ. ஒரு மாரி மழைக்காலத்தில் தோணியோடு காணாமல் போனாய். வலை போட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. உனக்கு இங்கே உறவு இல்லாததால், வைக்கோலில் ஆள் கட்டிக் கொள்ளி வைத்தவன் நான். தீக்கு முன்னால் நான் அழுத அழுகையைப் பார்த்து, உன்னிடம் கடன் வாங்கியிருப்பேன் என்று ஊர் பேசிக்கொண்டதாம்.

அதன் பிறகு நடந்ததை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

தோணிக்காரனான நான் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் பின்னேரங்களில், அணைந்துபோன உன் சூளையின் விளிம்பில் நீ குந்தியிருந்தாய். அதே சிவப்புத் துண்டு. முகம் தண்ணீர்ப் பக்கம். கூப்பிட்டால் கிறுகிப் பார்க்கவில்லை. முதுகிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே, சூளைக் கூரைக்குள் மழை படாமல் கிடந்த, நீ சுட்டெடுத்த சிப்பிக் குவியல். அதில் ஒரு சொட்டு விழுந்தாலும் சீறிக் கொதிக்கும் என்று நீதானே எனக்குக் காட்டினாய்? ஒரு சீறலும் கேட்கவில்லை. அடுத்த நாளும் பார்த்தேன். அடுத்த மாரி வரும்வரை பார்த்தேன். எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று திருநீறு பூசிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் ஒருநாள் காலை, நொண்டிக்கொண்டு, உயிரோடு வந்து நின்றாய். மாங்கேணிக் கரையில் ஒதுங்கி, கால் முறிந்து, மீனவர் தங்கும் வாடியில் கிடந்தாயாம். சொல்லியனுப்பிய செய்தி எங்களுக்கு வந்து சேரவில்லை.

சூளை நின்றது அரசாங்கக் காணி. இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று பத்திரம் எடுத்தால்தான் நீ அதில் இருக்கலாம், வோட்டும் போடலாம் என்று சட்டம் வந்தது. ஐந்து வருடம் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் நெடுநாள் வெளியே போயிருக்கக்கூடாது. இனி இதுதான் என் நாடு என்று சத்தியமும் செய்ய வேண்டும். சத்தியம் உனக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. இடைவெளிதான் கழுத்தைப் பிடித்தது. மாங்கேணி வாடிக்காரர்கள் பருவம் முடிந்து எங்கெங்கோ கலைந்துவிட்டார்கள். உனக்குச் சாட்சி இல்லை.

அரசாங்கக் கச்சேரியில், நம் ஊர்த் தலைவர் விதானையார் உதவி செய்வதாக நினைத்துத்தான் வாயைத் திறந்தார்.

“ஐயா, இவர் கன காலமா இஞ்சதான் இரிக்கிறார். இடையில கொஞ்சக் காலம் மட்டும் செத்திருந்தவர்.”

விசாரித்த துரை பேனாவைக் கீழே வைத்தார். “அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போனாரா?”

“செத்தவர் எங்க போனாரெண்டு எனக்கு எப்படி ஐயா தெரியும்?”

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் எழும்பினேன்.

“நான் கண்டன் ஐயா. பின்னேரத்தில சூளை ஓரத்தில குந்திக்கொண்டு இரிப்பார்.”

“பிறகு ஏன் கொள்ளி வைத்தீர்கள்?”

“அவசரப்பட்டுட்டம் ஐயா.”

“கண்டது சத்தியமா?”

“களுதாவளைப் பிள்ளையார் மேல சத்தியம்.”

பத்திரம் கிடைத்தது. திரும்பி வரும்போது தோணியில் நீ என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாய்.

“எனக்காகப் பிள்ளையார் பேரில பொய்ச் சத்தியம் பண்ணிட்டியே மச்சான். உன்ட புள்ளைகளுக்கு ஒண்டும் வரக்கூடாது.”

“வராதுகா. துடுப்பைப் பிடி.”

அதிலிருந்து வருடம் தவறாமல் களுதாவளைக்குப் போய் என் பொய்க்காகத் தேங்காய் உடைத்தாய். நொண்டிக் காலோடு அவ்வளவு தூரம் நடந்தாய். பிரசாதத் தேங்காயை என் வீட்டில் கொண்டுவந்து தருவாய். நானும் வெட்கமில்லாமல் சம்பல் அரைக்கச் சொல்லித் தின்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால், இந்த மண்ணில் இடைவிடாமல் இருந்தவன் நீயில்லை, சூளை விளிம்பில் குந்தியிருந்த அவன்தான் என்றாகியிருக்கும். பத்திரம் யாருக்குக் கிடைத்தது என்று யோசித்து யோசித்தே நீ அந்தச் சூளையடியில் ஒரு நாளும் நிம்மதியாகப் படுத்திருக்க மாட்டாய்.

நீ வந்த பிறகு பின்னேரங்களில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது நீ மெய்யாகவே செத்துப்போனாய்; இந்த முறை வைக்கோலுக்கு அல்ல, உனக்கே கொள்ளி வைத்தோம். நாக்கு வெந்த அன்று, ஏனோ தோணியை நிறுத்திச் சூளையைப் பார்த்தேன். சிவப்புத் துண்டு. முதுகில் நீர். நீ போனது அவனுக்கு இன்னும் தெரியாதுபோல.

உன் கடைசிக் கிழமையிலும் நீ என் கையைப் பிடித்து, “அந்தப் பொய்க்கு இந்த வருசத் தேங்காயை நீயே உடைச்சிரு” என்றாய். நான் ஓம் என்றேன். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை, மச்சான்.