கதிரையில் இருந்து வாசித்த மார்ச்

கோலாலம்பூர்,
13.7.1936

அன்புள்ள எமிலிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீரும் மகன் லியோனும் சுகந்தானே? மாமிக்கு முழங்கால் நோ குறைந்ததா?

போன மாதம் எனக்குச் சின்னக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் நன்றாகப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. கால்கள்தான் இன்னும் கொஞ்சம் தள்ளாடுகின்றன.

நேற்று எங்கள் பாண்ட் பூங்காவில் வாசித்தது. ஜெர்மனி தேசத்துப் பெரிய சங்கீத வித்துவான் ஒருவர் ஊதுகருவிகளுக்கென்றே எழுதிய மார்ச். நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். என்னால் முடியாதென்று கிளாரினெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேளம் அடிக்கும் மண்டைதீவு இலட்சுமணன் மறித்தான்.

"எங்கை போறியள் அண்ணை? உங்களுக்கு நடக்க ஏலாட்டி நாங்கள் எல்லாரும் இருந்து வாசிப்பம்."

பாண்ட் மாஸ்டரும் சம்மதித்து இருபத்திரண்டு கதிரைகள் போடுவித்தார். சனம் முதலில் சிரித்தது. வாசிக்கத் தொடங்கியதும் எங்கள் சப்பாத்துகளெல்லாம் ஒன்றாய் நிலத்தில் தாளம் போட்டன. சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கண் நிறைந்து தாளில் எழுதியிருந்தது தெரியவில்லை, மனப்பாடமாய் ஊதினேன். இந்தப் பாண்ட்காரருக்காகக் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தும்.

கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல் மா அனுப்பும். லியோனுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும். அவன் பாதத்தைக் கடதாசியில் வைத்துச் சுற்றிவரக் கோடு கீறி அனுப்பும். அவன் அசைந்து கோடு கோணினாலும் பரவாயில்லை, அதையே அனுப்பும்.

தபாலுக்கு நேரமாகிறது.

உம்முடைய,
சூசைப்பிள்ளை