துணியில் வரைந்த முகம்

தெம்பெர்லே,
டிசம்பர் முதல் வாரம்.

அன்பு மகன் லிசாந்த்ரோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம். அங்கே நீயும் சுகமாக, உயிரோடு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். எல்லோரும் எழுதுகிற வரிதான். இந்த முறை அதை எழுதக் கை கூசியது. ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் வீட்டுச் செய்திகள், அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும். குளியலறை ஈரம் சுவர் வழியே உன் அறைக்கு வந்துவிட்டது, கட்டிலை நடுவுக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். சுல்மா பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் நடன வகுப்பை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தி முடித்தேன், இந்த வருடம் பிள்ளைகள் கதைகளை முடிக்கத் தெரியாமல் எல்லோரையும் விபத்தில் கொன்றிருக்கிறார்கள். அவர்களை நான் திட்டவில்லை. ஹோட்டல் சமையலறைத் தரை வழுக்குகிறது என்றாயே, அந்தத் தேய்ந்த காலணியை முதலில் மாற்று. பில்பாவில் எந்நேரமும் மழை என்கிறாய். கழுத்தை மூடிக்கொண்டு போ.

சஸ்கோமுஸ் ஊரில் நடந்த கச்சேரி எப்படி இருந்தது என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாய். மழை என்றேன். கிதார் சரியாகக் கேட்கவில்லை என்றேன். வானம் தெளிவாக இருந்தது. கிதார் நெஞ்சுக்குள் வந்து அடித்தது. இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், உன்னோடு சேர்ந்து நானும் சிரித்துத் தப்பித்துவிடுவேன், அதனால்தான் காகிதம். அந்த மைதானத்தில், நம் ‘தகரச் சாவி’ இசைக்குழுவின் மொத்த ரசிகர் கூட்டத்துக்கும் முன்னால், மகனே, நீ இறந்துபோனாய். எல்லோரும் உனக்காக அழுதார்கள். அவன் சாகவில்லை என்று நான் சொல்லவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நீ வயிற்றில் இருக்கும்போதே கூட்டத்தில் குதித்தவள் நான். நீ நடக்கத் தெரியாத வயதில் ஒலிப்பெட்டிகளுக்குப் பின்னால், யார் யாருடையதோ கோட்டுகளின் மேல் தூங்கினாய். பிறகு என் தோளில். பிறகு என் பக்கத்தில். கடைசியாக எனக்கு முன்னால், நான் இடிபடாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு. நீ ஸ்பெயினுக்குப் போன பிறகும் நான் கச்சேரிகளுக்குப் போனேன். பஸ்ஸில் உன் இடத்தில் பையை வைத்தேன். எல்லோரும் குதிக்கும்போது பழக்கத்தில் வலது பக்கம் சாய்ந்தேன், அங்கே யாருமில்லை, விழுந்தேன், சட்டையில்லாத ஒரு தடியன் என்னைத் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டிவிட்டுப் போனான். கச்சேரி வேலியில் கட்டும் நம் பழைய துணி நைந்துபோயிருந்தது. புதுத் துணி வாங்கிச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ‘தெம்பெர்லே’ என்று ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதினேன். பக்கத்தில் இடம் மிச்சம் இருந்தது. உன் முகத்தை வரைந்தேன். நம் கூட்டத்தில் வேலியில் கட்டும் துணியில் யாருடைய முகத்தை வரைவார்கள் என்று எனக்குத் தெரியாதா. உயிரோடு இருப்பவனுக்குப் பெயர் போதும். முகம், போய்ச்சேர்ந்தவனுக்கு. மூக்கை வரையும்போதே அது ஞாபகம் வந்தது. நிறுத்தவில்லை. வாயையும் வரைந்தேன்.

பஸ் பிடித்து ஆட்களைச் சேர்ப்பது இப்போதும் தானோதான், அதே வயிறு, அதே சட்டை. துணியை மடித்து மேலே ஏற்றும்போது ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்த்தான். “அம்மணி, முகமா போட்டிருக்க? பாக்கறவன் என்ன நினைப்பான்?” என்றான். என் பிள்ளை, என் துணி, உன் வேலையைப் பார் என்றேன். “சரி. அப்ப கீழ ‘பில்பாவ்ல சட்டி கழுவுறான்’னு ஒரு வரி எழுதிடு. ஊருக்கே நிம்மதி.” பஸ் முழுக்கச் சிரித்தது. நானும். கறுப்பு வண்ணம் பையிலேயே இருந்தது. எழுதியிருக்கலாம்.

ஏரிப் பக்கம் மைதானம். வெயில் சாயவில்லை. சுடுகிற சாசேஜ் புகை, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஃபெர்னெட் சாராயமும் கோலாவும் கைமாறிக்கொண்டு, உனக்குத் தெரியும். வேலியில் நம் துணியைக் கட்டினேன். பக்கத்தில் பெரசாதெகி ஊர்க்காரர்களின் துணி. அதிலும் ஒரு முகம், சுருட்டை முடி, சிரிக்கிற பையன். அதைக் கட்டிக்கொண்டிருந்தவள் எல்பா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள், காலில் ரப்பர் பூட்ஸ். முடிச்சுப் போட்டுவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். என் முதுகில் கை வைத்தாள். “சின்னப் பையன்,” என்றாள். “முதல் வருஷம்தான் கொடுமைம்பாங்க. நம்பாத. ரெண்டாவது வருஷம்தான்.” பிறகு, பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். பெயரை மட்டும். அவளுடைய மகன் காஸ்தோன். ஒரு கச்சேரி முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது போய்விட்டான். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கை என் முதுகிலேயே இருந்தது. ஒரு வாக்கியம் போதும், என் மகன் இருக்கிறான் என்று. அதைச் சொன்னால் கையை எடுத்துவிடுவாள் என்று தோன்றியது.

பாடகன் ரூஃபோ பாட்டுக்குப் பாட்டு நடுவே துணிகளைப் படிப்பான் அல்லவா, அன்றும் படித்தான். ஊர்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல். நம் துணிக்கு வந்ததும் நின்றான். அந்தப் பையன் யார் என்று மைக்கில் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் எல்பா முழுத் தொண்டையில் உன் பெயரைக் கத்தினாள். “லிசாந்த்ரோ,” என்றான் ரூஃபோ. “எங்க இருந்தாலும் சரி, தம்பி. இது உனக்கு.” அவர்கள் அந்த மெதுவான பாட்டைத் தொடங்கினார்கள். என்னைச் சுற்றிக் கூட்டம் வட்டமாக விலகியது. முன்பின் தெரியாத இரண்டு பேர் என்னைத் தோளில் தூக்கினார்கள். அத்தனை பேரும் உன் பெயரைப் பாடினார்கள். நான் அழுதேன். நடிக்கவில்லை, மகனே, அதுதான் அசிங்கம். கீழே தானோ கையில் பாதி தின்ற சாசேஜ் ரொட்டியோடு நின்று என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். யோசித்தேன். நீ விமானம் ஏறிய நாளிலிருந்து எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். ஐரோப்பா, வேலை, கொடுத்துவைத்தவள். பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து உன் தட்டை அலமாரியில் வைத்தேன். அழுவதற்குக் காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறான். அந்த மைதானத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. இவ்வளவுதான் காரணம். இதை எழுதியதும் இன்னும் சின்னவளாகத் தெரிகிறேன். எனக்கு ஒரு சாய்மானம் கிடைக்க உன்னைச் சாகடித்திருக்கிறேன்.

யாரோ எடுத்த வீடியோ வெளியே வந்துவிட்டது. சுல்மா பெரியம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள். அன்று காலையில்தான் உன்னோடு பேசியிருக்கிறாள், இருந்தும் அழுகிறாள். “அவன் எங்கிட்ட ரேஷன் கணக்கா நாலு வார்த்தை பேசிட்டு வெச்சான்டீ, நல்லாத்தான் இருக்கான், ஆனா பாட்டு வந்ததும் எனக்குத் தாங்கல. உனக்கு மூளை இருக்கா?” என்றாள். தானோ கடையில் சிகரெட் வாங்கப் போனேன். சிகரெட்டைக் கொடுத்தான். அடுத்த வாரம் பிள்ளை போன் பண்ணினால் ஏசு மாதிரி மூன்றாம் நாள் எழுந்துவிட்டான் என்று சொல்லலாமா என்று கேட்டான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. உன்னிடம் யாரும் இதுவரை சொல்லவில்லை என்றால் அதற்கு அவன்தான் காரணம், நம் தெருப் பையன்கள் ஒவ்வொருவரிடமும் போய் வாயை மூடச் சொல்லியிருக்கிறான். அம்மாக்காரி சொல்ல வேண்டியது என்றானாம்.

ஊர் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். எல்பாவைத்தான் தாங்க முடியவில்லை. அன்றே என் எண்ணை வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் செய்தி வரும், எழுந்தாயா, ஏதாவது சாப்பிட்டாயா என்று. நான் பதில் போட்டேன். எழுந்தேன், சாப்பிட்டேன். உண்மைதானே என்று சொல்லிக்கொண்டேன். உன்னைப் பற்றிக் கேட்டால் சின்ன வயதுக் கதையாகச் சொன்னேன். அப்படிச் சில வாரங்கள். அடுத்த கச்சேரியில், இறந்த பிள்ளைகளின் முகங்களை மேடையின் பின்திரையில் காட்டப்போகிறார்கள், உன்னையும் சேர்த்திருக்கிறாள். பிறகு ஒரு பொட்டலம் வந்தது. காஸ்தோனின் கச்சேரிச் சட்டை, துவைத்து இஸ்திரி போட்டது, ஒரு துண்டு வெட்டியிருந்தது. அந்தத் துண்டை உன் துணியின் ஓரத்தில் தைத்துவிடு, இரண்டு பையன்களும் சேர்ந்து போகட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். ஊசியில் நூலைக் கோத்தேன். கோத்துவிட்டு எழுந்து பஸ் ஏறினேன்.

பெரசாதெகியில் மழை. மழை என்பதால் எல்பா மாவு பிசைந்து எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள், மாத்தே டீக்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். உட்கார வைத்தாள். முதல் தட்டை என் முன் வைத்தாள். நான் தொடவில்லை. அவன் சாகவில்லை எல்பா, ஸ்பெயினில் இருக்கிறான், ஹோட்டலில் வேலை செய்கிறான் என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். எண்ணெய் அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உயிரோட இருக்கானா?”

“இருக்கான்.”

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல.”

“உங்கிட்ட பேசுறானா?”

“ஞாயித்துக்கிழமை தவறாம.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “அவனோட ஒத்தச் செருப்பு ரோட்டுல எந்தப் பக்கம் கிடந்துச்சுங்கற வரைக்கும் உங்கிட்ட சொன்னேன்,” என்றாள். “அதை என் புருஷன்கிட்டகூட சொன்னதில்ல.” பிறகு கையை நீட்டினாள். “சட்டையக் குடு.” கொடுத்தேன். வெட்டிய துண்டை இருந்த இடத்தில் பொருத்தி வைத்து, அதன் மேல் உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து கதவுக்கு வந்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன், சொல்லவில்லை, அது எனக்கு லாபமான சொல்லாகத் தெரிந்தது.

வாசல்வரை வந்தாள். இதை நீயே உன் மகனிடம் சொல்ல வேண்டும் என்றாள். தனக்காக ஒரு மைதானமே அழுததை ஒரு பையன் வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. சரி என்றேன். கதவை மூடப்போனவள் நிறுத்தினாள். “உன் பேச்சை நான் நம்பல. இனிமே எதையும் நம்பமாட்டேன். அந்தப் பையனைப் பேசச் சொல்லு. தெனம் காலையில காஸ்தோனோட சேர்த்து அவனுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேன். ஊதி அணைக்கணும்னா அவன் குரலைக் கேக்கணும்.”

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன், லிசாந்த்ரோ. கேட்க எனக்கு முகமில்லை என்று தெரியும். கோபம் வந்தால் என்மேல் காட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாமல் இரு, அது நியாயம். ஆனால் அவளைக் கூப்பிடு. எண்ணைக் காகிதத்தின் பின்புறம் எழுதியிருக்கிறேன். உனக்கு மதியச் சமையல் முடிந்த நேரத்தில் இங்கே காலை, அவள் எழுந்திருப்பாள். எனக்காக மன்னிப்புக் கேட்காதே. என்னைப் பற்றியே பேசாதே. பெயரைச் சொல், என்ன சாப்பிட்டாய் என்று சொல், அவள் கேட்பதற்குப் பதில் சொல். காஸ்தோனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவசரப்படாமல் கேள். அவள் உடனே வைத்துவிட்டாலும் வருத்தப்படாதே, அவள் அந்தப் பக்கம் ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கும்.

கச்சேரிக்காரர்களுக்கு நானே போன் செய்து உன் முகத்தைத் திரையிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள், சொன்னேன். பிறகு, வாழ்த்துகள் என்றாள். துணிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறேன். காதிலிருந்து தொடங்கி நெற்றி வரை வந்துவிட்டேன், கண்ணுக்கு இன்னும் தூரிகை போகவில்லை. கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடுவேன்.

சூடாகச் சாப்பிடு. நல்ல நண்பர்கள் உனக்கு அமையட்டும், கால் வழுக்காமல் இருக்கட்டும், நீண்ட நாள் இரு. என்னை அம்மா என்று கூப்பிட மனம் வரும்போது கூப்பிடு. எல்பாவை மட்டும் காக்க வைக்காதே. நாளைக் காலையும் அவள் இரண்டு ஏற்றுவாள்.

வெட்கத்தோடும் ஆசியோடும்,
உன் அம்மா
யனினா