மூன்றாம் நம்பர் பேட்

செவ்வாய், மே 6

கத்திரி வெயில். காலை எட்டுக்கே ஷெட் தகரம் கொதிக்கிறது. பாலிஷ் மெஷின் வேலையைப் பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். வண்டித் தகடு சூடானால் பாலிஷ் காம்பவுண்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

வந்த வண்டி: மங்கலம்பேட்டை பஷீர் பாயுடையது. சிவப்பு கார். பாய் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் வண்டி பளபளவென்று வேண்டும்.

வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல். பாயின் தம்பிக்கு இங்கே பீங்கான் பொம்மை சூளை. அண்ணன் வண்டி ஆயிற்றே என்று தினமும் காலையில் சூளை வாசலில் நிறுத்தி, காய்ந்த துண்டால் துடைத்திருக்கிறார். மேலே களிமண் தூள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. பாசமாகத் துடைத்தே பாழாக்கிவிட்டார்.

பாய் கேட்டார்: "செராமிக் கோட்டிங்னா நம்மூரு பீங்கானையா பூசுவீங்க?" வாரம் ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள். சிரித்துவைத்தேன்.

செய்தது: கழுவல். விளிம்பு, மடிப்பு எல்லாவற்றுக்கும் டேப். பானெட்டுக்கு மெஷினில் முதலில் கம்பளி பேட் 1 மாட்டி, அப்புறம் ஃபோம் பேட் 5. (பேட் எல்லாவற்றுக்கும் மார்க்கரில் நம்பர் போட்டிருக்கிறேன். 3 புதுசு, இன்னும் தொடவில்லை.) டேப் உரித்தாயிற்று. டியூப்லைட்டில் பார்த்தேன், சுத்தம். வெயிலில் நிறுத்திப் பார்ப்பது வியாழன்.

மாமா வந்து பார்த்து "சூப்பர் மாப்ள" என்றார். ஷெட் மாமா பெயரில், மெஷின் என்னுடையது. அக்காவைக் கட்டியவர். ஒன்பது வருஷமாகச் சேர்ந்து வேலை. சாப்பாடு அவர்கள் வீட்டில், படுக்கை அதே வீட்டு மாடியில். மாமாவுக்கு பேச்சு வரும், மெஷின் வராது. 'இவரு கையில மெஷின குடுத்தா கெணறு வெட்டிடுவாரு' என்று அக்காவே கிண்டல் செய்வாள்.

ஒன்பது வருஷத்தில் ஒரு வண்டியிலும் நான் மெஷினை அழுத்திப் பெயிண்டைச் சுட்டதில்லை. வெளியே சொன்னால் திமிர் என்பார்கள். இங்கே எழுதிக்கொள்ளலாம்.

புதன், மே 7

சேத்தியாத்தோப்பு. கூடப் படித்தவன் அப்பாவுக்குக் காரியம். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நின்றபடி. கால் வீக்கம்.

கிளம்பும்போது மாமா: "நீ நிதானமா போயிட்டு வா. வண்டிய யாரும் தொட மாட்டாங்க."

திரும்ப ஆறு மணி. அக்கா துவைக்கிற கல் பக்கத்தில் பக்கெட். நிறைய சிவப்பு நுரை. என்னக்கா இது என்றேன். "புதுச் சேல. சாயம் போவுது" என்றாள்.

விரால் குழம்பு. தலைத் துண்டத்தை எனக்கு வைத்தாள். வழக்கமாக அது மாமாவுக்குத்தான். என்ன திடீர் மரியாதை என்று கேட்டதற்கு, "தின்னு பேசாம" என்றாள்.

மார்க்கர் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

வியாழன், மே 8

எழுதவே கை வரவில்லை.

ஏழு மணிக்கு வண்டியை வெளியே எடுத்தேன். பானெட்டில் வலது பக்க மடிப்பு. கொட்டைப்பாக்கு அளவுக்கு மங்கல். நடுவில் சாம்பல் நிற பிரைமர் தெரிகிறது. மேல்பூச்சு போய், சிவப்பும் போய், அடிவரைக்கும் சுட்டிருக்கிறது.

எப்படி? டேப் சரியாக ஒட்டவில்லையா? டேப் உரித்தபிறகு ஒரு இழுப்பு இழுத்தேனா? டியூப்லைட்டை நம்பியது தப்பா? கண் போய்விட்டதா? ஒன்றும் ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்பதே பயமாக இருந்தது.

மாமா குனிந்து பார்த்தார். திட்டவில்லை. "வுடு மாப்ள, எல்லாருக்கும் கை தவறும்." அவரே பாய்க்கு போன் போட்டு வரவழைத்தார். பாய் முன்னால் என் தோளில் கை போட்டு, "நல்ல புள்ளதான் பாய். என்னமோ கவனம் தப்பிடுச்சி. பானெட்ட நானே நின்னு பெயிண்ட் அடிச்சித் தரேன்" என்றார்.

கை கூப்பினேன். "என் தப்புதாங்க பாய். மன்னிச்சிடுங்க." அக்கா டீ ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். என் அவமானத்தைப் பார்க்க முடியவில்லை அவளுக்கு. பாய் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி வுடுங்க" என்று கிளம்பினார்.

மாமாவைப் போல ஒருத்தர் கிடைக்கமாட்டார் என்று மத்தியானம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். (வெள்ளி இரவு சேர்த்தது: மேலே உள்ள வரியை அடித்துவிடாமல் இப்படியே விட்டுவைக்கிறேன்.)

வெள்ளி, மே 9

வண்டி பெயிண்டரிடம். வேலை இல்லை. பேட்களை எண்ணி அடுக்கினேன். 1, 2, 4, 5, 6, 7, 8.

3 இல்லை.

ஷெட் பூரா தேடினேன். மத்தியானம் லுங்கி எடுக்க மாடிக்குப் போனால், கொடியின் கடைசியில், மாமாவின் வேட்டிக்குப் பின்னால், இரண்டு கிளிப் போட்டுத் தொங்குகிறது. வெள்ளைக் கம்பளி ரோஸ் நிறமாகியிருக்கிறது. 3 பாதி அழிந்திருக்கிறது.

மேல்பூச்சை மட்டும் தேய்த்தால் பேடில் வெள்ளையாகத்தான் ஒட்டும். கலரையே அறுத்தால்தான் சிவப்பு. அந்தப் பேடை நான் தொட்டதே இல்லை. புதன்கிழமை நான் ஊரிலும் இல்லை. சாயம் போன புதுச் சேலை எந்தக் கொடியிலும் இல்லை.

பேடை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அக்கா பார்த்ததும் அடுப்பைக் குறைத்தாள்.

"ஒரு கீறல் மிச்சம் இருந்திச்சாம். சர்ப்ரைசா எடுத்து வெக்கலாம்னு மெஷின போட்டாரு. ஆயிப்போச்சி."

"அத எங்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா நீ கத்துவ. நீதான் சுட்டன்னா நீ பொறுத்துக்குவ. வூட்டுப் புள்ள தானே நீ."

"தொவச்சி எதுக்குக்கா வெச்ச?"

"நல்ல பேடு. தூக்கிப் போட மனசு வரல."

அவள் முகத்தில் இரக்கம் தேடினேன். குழம்பு பொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மாமாகூடப் போகட்டும், வெளியிலிருந்து வந்தவர். இவள் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

பேடைத் திரும்பக் கொடியிலேயே மாட்டினேன்.

சனி, மே 10

பவர் கட், 11 முதல் 2. இரண்டு தடவை குளித்தேன்.

மாமாவிடம் கேட்டுவிட்டேன். மறுக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். பல் குத்திக்கொண்டே சொன்னார்: "ஓனரே சுட்டுட்டான்னு வெளிய தெரிஞ்சா கடையே படுத்துரும். வேலைக்காரன் சுட்டான்னா அவனோட போவும். நீயே யோசிச்சிப் பாரு."

வேலைக்காரன். ஒன்பது வருஷமாக மாப்ள. இன்று பெயர் மாறிவிட்டது.

பாயிடம் நாளை சொல்லப்போகிறேன். என் கை சுடவில்லை என்று ஒருத்தருக்காவது தெரிய வேண்டும். அது போதும்.

ஞாயிறு, மே 11

காலை ஒன்பது. பாய் வண்டி எடுக்க வந்தார். பானெட் நன்றாகத்தான் வந்திருக்கிறது. மாமா மாலை வாங்கப் போயிருந்தார், டெலிவரி வண்டிக்கு மாலை போடுவது அவர் பழக்கம்.

"பாய், ஒண்ணு சொல்லணும். அத நான் சுடலைங்க."

"தெரியும் தம்பி" என்றார்.

"எப்படி பாய்?"

"புதன்கெழம ஆர்.சி. புக்கு எடுக்க வந்தேன். ஒங்க மாமாதான் மெஷினு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. சத்தத்துல என்னைப் பாக்கல. நானும் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"அன்னிக்கி நான் கை கூப்பினப்ப சொல்லியிருக்கலாமே பாய்?"

"வூட்டு வெவகாரம். நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நான் நடுவுல என்ன பேசுறது?" தோளைத் தட்டினார். "நிச்சயத்துக்கு அவசியம் வந்துடுங்க."

மாமா மாலையோடு வந்தார். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். வண்டி போய்விட்டது.

வியாழக்கிழமை ஷெட்டில் என்னைத் தவிர மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும். தெரியாமல் நின்று மன்னிப்புக் கேட்டவன் நான் ஒருத்தன்.

எடுத்துவைத்தது: மெஷின், வயர், பேட் ஏழு, டேப் இரண்டு சுருள், சட்டை நான்கு. வேப்பூர் போனால் அங்கிருந்து எந்த ஊருக்கும் பஸ் கிடைக்கும். எங்கே என்று தெரியவில்லை.

மணி ஒன்று. கீழேயிருந்து அக்கா கூப்பிடுகிறாள். "சாப்புட வாயேன்டா, சோறு ஆறுது." விரால் வாசனை வருகிறது. இன்றைக்கும் தலைத் துண்டம் எனக்குத்தான் வைத்திருப்பாள்.