மகளின் அறையில் பெற்றோல்

யூலை 4, திங்கள்

சுபஹு தொழுததும் முதல் வேலையாக ஷிபானாவின் அறை ஜன்னல்களைத் திறந்தேன். கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. புழுக்கம். மகள் தூக்கத்தில் வயிற்றைப் பிடித்தபடி. ஒன்பதாம் மாதம்.

அலுமாரிக்குப் பின்னால் பெற்றோல் கேன். பத்து லீட்டர், முக்கால்வாசி நிறைந்துவிட்டது. மூன்று வாரமாக இவர் சேர்த்தது: வரிசையில் நின்று பைக் டாங்கை நிரப்புவது, வீட்டில் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது, மறுபடி வரிசை. நோவு வந்தால் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போக. எண்ணெய் தந்தால் எந்நேரமும் வருவதாக ஆட்டோ நவாஸ் சொல்லியிருக்கிறான்.

வளவில் வைத்தால் களவு போகுமாம். பூட்டு உள்ளது அந்த அறைக்கு மட்டும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. கேஸ் முடிந்து இரண்டு மாதம். விறகு அடுப்பு.

யூலை 5, செவ்வாய்

எண்ணெய்த் தட்டுப்பாட்டால் பள்ளிக்கூடம் இல்லை. பத்தாம் ஆண்டு விடைத்தாள்கள் திருத்தினேன். மீளப் புதுப்பிக்க முடியாத சக்தி முதல்கள் மூன்று தருக. ஒரு பிள்ளை: நிலக்கரி, பெற்றோல், உம்மாவின் பொறுமை. சிரித்தேன். சரி போட்டேன்.

கடையில் ஒருவர்: "இனி வெயிலுக்கும் கியூவாம். டோக்கன் எடுத்தாச்சா?"

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, மகளுக்குத் தடிமன், சளி மருந்து, பழைய சீலை (குழந்தைக்கு, மாமியிடம் கேட்க).

அடுப்பிலிருந்து கேனுக்கு எத்தனை காலடி என்று நடந்து பார்த்தேன். கதவைச் சுற்றி ஏழு. சுவர் இல்லாவிட்டால் மூன்று.

இவரிடம் கேட்டேன், "இஞ்சருங்க, அத இப்பவே நவாஸ்ட டாங்கில ஊத்திருவமா?"

"ஊத்தினா நாளைக்கே ஹயர் ஓடி முடிச்சிருவான். ஒனக்கு எல்லாத்துக்கும் பயம், டீச்சர்."

கோபம் வந்தால் மட்டும் நான் டீச்சர்.

யூலை 6, புதன்



மஃரிபுக்கு, இருட்டும் நேரத்தில், கரண்ட் போனது. பைக்குக்கென்று இவர் ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் எடுத்து, குசினித் தட்டில், மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதுவும் சோடாப் போத்தல். மகளுக்கு மூக்கடைப்பு, மணம் தெரியவில்லை. குப்பி விளக்கை நிரப்பித் திரியை நனைத்துவிட்டாள்.

தற்செயலாகத்தான் உள்ளே போனேன். மூக்கில் அடித்தது. அவள் கையில் தீக்குச்சி, இன்னும் உரசவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன உம்மா? மண்ணெண்ணெய்தானே?"

விளக்கை வெளியே மணலில் கவிழ்த்தேன். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

இவர் விளக்கைப் பார்த்தார். போத்தல்கள் இரண்டையும் முகர்ந்தார். பிறகு, "நான் பேர் எழுதி ஒட்டி வெக்கிறன்."

யூலை 7, வியாழன்

ஒட்டிவிட்டார். அழகான எழுத்து. போத்தல்களில் மட்டும். கேன் அதே இடத்தில்.

கல்முனையில் தங்கச்சியின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்வீதி, நடக்கும் தூரம். ஷிபானாவை அங்கே விட்டால் எண்ணெயே தேவையில்லை. காலையில் இவரிடம் சொன்னேன்.

"தலப்பிள்ள உம்மாட வீட்டில இரிந்துதான் பெறணும். சாச்சி வீட்டுக்கு அனுப்பினா ஊர் கதைக்கும். கட்டார்ல இரிக்கிற மருமகனுக்கு என்ன சொல்ற?"

உம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு இது. நாளை ஷிபானாவுக்கு எழுத வேண்டியது. ஒரு கேனை நகர்த்த என்னால் முடியவில்லை.

மத்தியானம் சோறு ஆக்கும்போது அடுப்பிலிருந்து ஒரு பொறி சுவரில் பட்டு விழுந்தது. சின்னதுதான். மிளகாய்ச் செடிக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை அடுப்பிலேயே ஊற்றிவிட்டேன். சோறு அரை வேக்காடு. யாரும் காரணம் கேட்கவில்லை.

அசர் தொழுகைக்குப் பிறகு மகளின் உடுப்பையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் வைத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஆயத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாளைக் காலை இவர் மறுபடி வரிசைக்குப் போகிறார். மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்கு முன் திரும்ப மாட்டார். போனதும் நவாஸைக் கூப்பிட்டு, கேன் முழுவதையும் அவன் டாங்கில் ஊற்றி, மகளை ஏற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன்.